காகிதப் பீரங்கிகள்

அரபு இலக்கணமும் தமிழ் யாப்பும் கற்பித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு, ஐம்பது கடந்த வயதில் பீரங்கி செய்யும் பணி வந்து வாய்க்கும் என்று எவரேனும் முன்னரே சொல்லியிருந்தால் நகைத்திருப்போம். ஆயினும் வாய்த்தது. ஒன்றல்ல, மூன்று பீரங்கிகள். அவற்றுள் ஒன்றை நாமே நம் அறியாமையால் அழித்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நலம்.

நாம் பணிபுரிவது இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில். 2023ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று ஊர்ப் பள்ளிகள் யாவும் ஆளுக்கோர் அலங்கார ஊர்தி கொண்டுவர வேண்டுமென முடிவாயிற்று. எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கூடிப் பேசி, 'கடற்கொள்ளையர் கப்பல்' என்று தீர்மானித்துவிட்டார்கள். மண்டையோடு வரைந்த கறுப்புக் கொடி, ஒற்றைக் கண்ணை மறைக்கும் தோல்பட்டை, தலையில் துணிக்கட்டு, ஒட்டுத் தாடி, இடுப்பில் வளைந்த வாள் என்று பட்டியலும் ஆயத்தமாயிருந்தது. எல்லாம் ஆங்கிலத் திரைப்படங்கள் கற்பித்த பாடம். தலைமையாசிரியர் புன்முறுவலோடு இசைந்துவிட்டார். பெயர்ப்பலகைக்குப் பிழையற்ற தமிழில் வாசகம் எழுதித் தருவதும், அஸருக்குப் பின் பிள்ளைகளை மேற்பார்வை பார்ப்பதும் நம் பொறுப்பாயின.

வாசகம் எழுதுவதில் நமக்கு அன்றே ஒரு தயக்கம். தாடியும் தலைப்பாகையும் தரித்த முஸ்லிம் பிள்ளைகள் பன்னிருவர் வாளேந்தி நிற்க, அவர்கள் தலைக்குமேல் 'கொள்ளையர்' என்று நம் கையாலேயே எழுதித் தொங்கவிடுவதா? ஆனால் பிள்ளைகளின் ஆர்வத்தில் தண்ணீர் ஊற்ற மனம் வரவில்லை. பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பீரங்கியில் இறங்கினோம்.

வாடகைக்குப் பேசியிருந்த வண்டி டாடா ஏஸ். நம் மக்கள் அதனைக் 'குட்டி யானை' என்றழைப்பர். பெயர்தான் யானையே ஒழிய, முக்கால் டன்னுக்கு மேல் அதன் முதுகு தாங்காது. பன்னிரண்டு பிள்ளைகளே ஏறத்தாழ 450 கிலோ. மூங்கிலும் பலகையுமாய்க் கப்பலின் உடல் இன்னொரு 200 கிலோ. எஞ்சியிருப்பது நூறு கிலோதான். இந்நிலையில் ஒரு மாணவன் பழைய இரும்புக்கடையில் கிடக்கும் கனத்த குழாய்களை வாங்கி வரலாம் என்றான். ஒவ்வொன்றும் அறுபது, எழுபது கிலோ இருக்கும். வண்டி குழியில் இறங்கி ஏறும்போது அது உருண்டால் ஒரு பிள்ளையின் கால் போகும். வேண்டாம் என்று மறுத்தோம். மெய்யான கப்பல் பீரங்கிகளில் பன்னிரண்டு பவுண்டு குண்டை எறிவது ஏறத்தாழ ஒன்றரை டன் இருக்கும். தஞ்சைக் கீழவாசலை அடுத்த பீரங்கி மேட்டில் நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி ஒன்று இன்றும் இருக்கிறது. நீண்ட இரும்புப் பட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களைக் காய்ச்சி இறுக்கிச் செய்த அதன் எடை 20 டன்னுக்கு மேல். நமக்கு வேண்டியது அதன் தோற்றம் மட்டுமே.

தோற்றத்தை உண்டாக்கவும் பொருளை அறிய வேண்டியிருக்கிறது. பீரங்கி வெறும் உருளை அன்று. மருந்து வெடிக்கும் அடிப்பகுதியில் அழுத்தம் மிகுதி என்பதால் அங்கே தடித்தும், வாய்ப்பக்கம் செல்லச் செல்ல மெலிந்தும், வாயருகே சற்றே மலர்ந்தும் இருக்கும். இரு பக்கமும் தோள்போல் நீண்ட முளைகளே அதனை வண்டியில் தாங்குகின்றன. பின்னால் கயிறு மாட்ட ஒரு குமிழ். கப்பல் பீரங்கியின் வண்டிக்குத் தேர்ச்சக்கரம் கிடையாது. ஆரக்காலற்ற சிறு கட்டைச் சக்கரங்கள் நான்குதான். இவற்றையெல்லாம் நமக்கு விளக்கியவன் ஒரு மாணவன். அவன் பாட்டனார் தோணி கட்டிய ஓடாவி. பாட்டனாரை அப்பா என்பதே எங்கள் பக்கத்து வழக்கு. "எங்க அப்பா சொன்னாங்க, ஹஜ்ரத்" என்று தொடங்காமல் அவன் எதையும் சொல்வதில்லை.

வீட்டுக் கழிவுநீருக்குப் பதிக்கும் நான்கங்குல பிவிசி குழாயை நாலடி நீளத்துக்கு அறுத்தோம். அதுவே முதுகெலும்பு. தெர்மோகோல் பலகைகளை வட்டம் வட்டமாய் வெட்டி, நடுவில் துளையிட்டு, வளையலைக் கையில் ஏற்றுவதுபோல் குழாயில் ஏற்றினோம். அடியில் ஒன்பது அங்குல வட்டம், வாயருகே ஆறங்குலம். படிப்படியாய் நின்றதை உப்புத்தாளால் தேய்த்துச் சரிவாக்கினார்கள் பிள்ளைகள். அறை முழுவதும் வெண்துகள் பறந்து நம் தாடியில் படிய, ஒரே மாலையில் இன்னும் பத்து வயது கூடிவிட்டோம்.

முதற் பீரங்கி இவ்வளவில் நின்றபோதே நம் பிழை நேர்ந்தது. காகிதம் ஒட்டாமலே வண்ணம் பூசினால் வேலை சீக்கிரம் முடியும் என்று கருதினோம். கறுப்பு வண்ணம் கெட்டியாயிருந்ததால் தின்னரைக் கலக்கச் சொன்னோம். ஓடாவியின் பேரன், "ஹஜ்ரத், தெர்மோகோல்ல அது ஆகாது, எங்க அப்பா..." என்று தொடங்கினான். "எல்லாம் உன் அப்பாவுக்குத்தான் தெரியுமோ?" என்று அவன் வாயை அடைத்தோம். தூரிகை பட்ட இடமெல்லாம் உப்பில் நீர் பட்டாற்போல் குழிந்தது. தின்னரில் தெர்மோகோல் கரைந்துவிடும் என்பதை அன்று கண்ணால் கண்டோம். கால்மணி நேரத்துக்குள் மூன்று நாள் உழைப்பு பெருநோய் கண்ட மரக்கட்டைபோல் ஆகிவிட்டது. பிள்ளைகள் எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நமக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

மறுநாள் அவனிடம், "உன் அப்பா வேறென்ன சொன்னார், வாப்பா?" என்று கேட்டோம். மைதாப் பசை காய்ச்ச வேண்டும், பூச்சி அரிக்காமலிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்க்க வேண்டும், செய்தித்தாளைக் கிழித்து நான்கைந்து அடுக்கு ஒட்டிக் காயவைத்த பின்னரே நீர் வண்ணம் பூச வேண்டும் என்றான். அவ்வாறே செய்தோம். செய்தித்தாளைக் கிழிப்பதில் நமக்கென ஒரு வேலையும் வாய்த்தது. இறைநாமமோ திருவசனமோ அச்சான துண்டு எதுவும் பசையில் விழுந்துவிடாதபடி ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துப் பிரித்துக் கொடுத்தோம். பீரங்கியின் வயிற்றுக்குள் போனவை பெரும்பாலும் நிலவிளம்பரமும் கிரிக்கெட்டும்தாம்.

வளையங்களுக்குச் சணற்கயிற்றைச் சுற்றி ஒட்டினோம். குமிழுக்குப் பிள்ளைகள் விளையாடும் சிறு பந்து. தோள்முளைக்கு ஒரு மூங்கில். பழப்பெட்டிப் பலகையில் வண்டி. கறுப்பு நீர்வண்ணம் காய்ந்த பின், உலர்ந்த தூரிகையால் வெள்ளி நிறத்தை விளிம்புகளில் மட்டும் ஒற்றி எடுத்தான் ஒருவன். அவ்வளவுதான், காகிதம் இரும்பாயிற்று. பீரங்கி நான்கு கிலோ, வண்டியோடு சேர்த்து ஒன்பது. நிமிர்ந்து பார்க்கையில் நமக்கே சற்று அச்சமாயிருந்தது.

இந்த இடத்தில் சொல்லாராய்ச்சியில் பழகிய நம் மனம் சும்மா இருக்கவில்லை. பீரங்கி என்ற சொல்லே 'ஃபிரங்கி' என்பதன் திரிபு என்பர். அரபியர் ஐரோப்பியரை 'இஃப்ரஞ்ச்' என்றனர். பாரசீகத்தில் அது ஃபரங்கியாகி, நம்மிடையே பரங்கியாயிற்று. கடல்வழி வந்தவனின் பெயரே அவன் கொண்டுவந்த கருவிக்கும் ஒட்டிக்கொண்டது. அரபியில் பீரங்கிக்கு 'மித்ஃபஉ' என்று பெயர். 'தஃபஅ', அதாவது தள்ளுதல், தடுத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. கடற்கொள்ளையனுக்கு அரபியர் வழங்கும் 'குர்ஸான்' என்பதோ அரபு வேரே அன்று. இத்தாலிய மொழியிலிருந்து இரவல் பெற்றது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னோம். மற்றவர்கள் பசையைக் கிண்டிக்கொண்டிருக்க, ஓடாவியின் பேரன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

"ஹஜ்ரத், குஞ்ஞாலி மரைக்காயரும் கொள்ளைக்காரர்தானா? கைபேசியில் ஓரிடத்தில் அப்படித்தான் போட்டிருக்கு."

உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. அதன் காரணம் மரைக்காயர் அல்லர், நம் வாப்பா.

வாப்பா தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பாய்மரத் தோணி ஓட்டிய தண்டல். மாலுமிகளுக்குத் தலைவனைத் தண்டல் என்பது கடற்கரையார் அனைவரும் அறிந்ததே. முறையாகச் சீட்டு வாங்கி, சுங்கம் செலுத்தி, சரக்கேற்றிப் போய் வந்த தொழில் அது. நாம் ஆறாம் வகுப்பில் படித்தபோது ஒரு வாத்தியார் எல்லோர் முன்னிலும் நம்மைக் 'கள்ளத்தோணி மகன்' என்றழைத்தார். வகுப்பு சிரித்தது. அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார் என்று இன்று எண்ணுகிறோம். அன்று அப்படி எண்ணவில்லை. வீட்டில் சொல்லவும் இல்லை. அதன்பின் எவர் கேட்டாலும் வாப்பா வியாபாரம் செய்கிறார் என்றே சொல்லி வந்தோம்.

மதரஸாவில் சேர்ந்த நாளில் விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்திலும் 'வியாபாரம்' என்று எழுதினோம். வாப்பாவுக்கு அரபுத்தமிழ் எழுத்து நன்றாய் வரும், தமிழெழுத்துத் தெரியாது. பெருவிரலை மையில் வைக்கும் வழக்கம் அவருக்குப் பிடிக்காததால் கையொப்பத்தை அரபு எழுத்தில் இட்டுவிட்டு, "என்ன எழுதியிருக்கே, வாசி" என்றார். வாசித்தோம். "தண்டல்னு எழுதலையா?" என்று கேட்டார். அது விண்ணப்பத்தில் எழுதும் சொல் அல்ல என்றோம். வாப்பா வேறொன்றும் கேட்கவில்லை. நம் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு விடுதி அறைவரை வந்தார். 1998ல் அவர் வஃபாத்தாகும்வரை அந்தப் பேச்சு எங்களிடையே மறுபடி எழவேயில்லை.

பையன் காத்திருந்தான். நாம் அவனுக்குச் சூரத்துல் கஹ்ஃபில் வரும் மரக்கலத்தின் கதையை நினைவூட்டினோம். மூஸா நபி (அலை) அவர்களோடு பயணம் சென்ற ஹிள்ரு (அலை) அவர்கள் ஏழைகளின் கப்பலைப் பழுதாக்கினார்கள். பழுதற்ற கப்பல்களையெல்லாம் வலிந்து பறிக்கும் அரசன் ஒருவன் அப்பக்கம் இருந்ததே காரணம். "அந்த அரசனுடைய சபையில் அவனைக் கொள்ளையன் என்று எவரும் எழுதியிருப்பாரா?" என்று கேட்டோம். பையன் இல்லையென்று தலையசைத்தான்.

பிறகு போர்த்துக்கீசியர் கதையைச் சொன்னோம். அவர்களிடம் 'கர்த்தாஸ்' என்னும் சீட்டு வாங்காத கப்பல் இந்தியப் பெருங்கடலில் ஓடக்கூடாதென்று அவர்களே ஒரு சட்டம் செய்துகொண்டார்கள். காகிதத்தைக் குறிக்கும் 'கிர்தாஸ்' என்ற அரபுச் சொல்லே அப்பெயருக்கு மூலம் என்பர். சீட்டில்லாத கப்பலைப் பிடித்தார்கள், சரக்கைக் கவர்ந்தார்கள். 1502ல் மக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் நிறைந்த கப்பல் ஒன்றை வாஸ்கோ ட காமா தீயிட்டுக் கொளுத்தினார். பிள்ளைகளின் பாடநூலில் அவர் கடல்வழி கண்டவர். அந்தக் கடல்வழியைத் தலைமுறைகளாய் அறிந்திருந்து, தம் கப்பலைத் தாமே காத்த மரைக்காயர்கள் அவர்களுடைய ஏட்டில் கொள்ளையர். பொன்னானியின் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் அவர்கள் அதே காலத்தில் அரபியில் இயற்றிய துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் இல்லையெனில் மறுதரப்பின் குரலே நமக்கு எட்டியிராது.

ஆனால் பிள்ளைகளிடம் பாதியை மட்டும் சொல்வது கல்வியாகாது. நான்காம் குஞ்ஞாலி தம் கோட்டையின் வலிமையில் செருக்குற்று, தம் அரசராகிய சாமூதிரியையே மதியாது நடந்தார் என்றும், அரண்மனை யானையின் வாலை அறுத்தார் என்றும் சொல்லப்படுகிறது. சாமூதிரி போர்த்துக்கீசியரோடு சேர்ந்து 1600ல் கோட்டையை முற்றுகையிட்டார். உயிருக்கு உறுதி பெற்றுச் சாமூதிரியிடம் சரணடைந்தவர் போர்த்துக்கீசியர் கைக்குப் போய், கோவாவில் கொல்லப்பட்டார். நானூறு ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் பெயரால் அஞ்சல்தலை வெளியிட்டது. மும்பையில் கடற்படைத் தளம் ஒன்றுக்கும் குஞ்ஞாலி என்றே பெயர். "அப்படின்னா இப்ப அவர் கொள்ளைக்காரர் இல்லை" என்றான் வேறொருவன். அவர் மாறவில்லை, எழுதுகிற கை மாறிவிட்டது என்றோம்.

கோட்டை கேரளக் கரையில் இருந்தாலும் கதை நம் கரைக்கும் வந்ததுண்டு. மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1538ல் மரைக்காயர்களின் படகுகளை மார்த்திம் அஃபோன்ஸோ ட சோஸாவின் போர்த்துக்கீசியப் படை தாக்கியது. இலங்கைச் சீதாவக்கை மன்னன் மாயாதுன்னைக்குத் துணைபோக வந்திருந்த படகுகள் அவை. அந்தப் போரில் மரைக்காயர்கள் தோற்றார்கள். வேதாளை எங்கள் பிள்ளைகளில் இருவருக்குத் தாய்மாமன் ஊர். அங்கே போர் நடந்ததென்பதை அவர்கள் அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

மறுநாள் பிள்ளைகள் தாமே கூடிப் பேசி, மண்டையோட்டுக் கொடியைக் கழற்றிவிட்டார்கள். கண்பட்டையைக் கழற்ற மட்டும் ஒருவன் இசையவில்லை. அவன் விருப்பம் அது, போகட்டும் என்று விட்டுவிட்டோம். பலகைக்கு என்ன எழுதுவது என்பதில் நெடுநேரம் வாக்குவாதம். 'மாவீரர்' என்று எழுதச் சிலர் விரும்பினர். கொள்ளையர் என்று எழுதிய கையும் இப்படித்தான் அவசரப்பட்டிருக்கும் என்று தடுத்தோம். இறுதியில், 'வேதாளைக் கடல், 1538' என்று மட்டும் எழுதினோம்.

புறப்படுவதற்கு முந்தைய மாலை ஓடாவியார் தாமே வந்தார். எண்பதை எட்டிய முதியவர். வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, பீரங்கியை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்.

"வேலை நல்லாயிருக்கு, ஆலிம்சா. ஆனா கச்சான் அடிக்கிற மாசம். கனமில்லாத சாமான்தான் காத்துக்கு முதல்ல போகும்."

நாம் எடையைக் குறைப்பதிலேயே கருத்தாயிருந்து, காற்றை மறந்துபோனோம். மெய்யான பீரங்கி வெடித்துப் பின்னுக்கு உதைக்கையில் தளத்தில் ஓடாதபடி பருத்த கயிறுகளால் கப்பலின் பக்கத்தோடு அதனைப் பிணைத்திருப்பார்கள். எங்கள் பீரங்கி பறந்து போகாதிருக்க அதே கயிற்றை அதே இடத்தில் அவர் கட்டினார். வண்டியின் அடிப்பலகையில் மணற்பைகள் இரண்டை வைக்கச் செய்தார். "காக்கா, முதல் பீரங்கியை நாம்தான் கெடுத்தோம்" என்றோம். "பேரன் சொன்னான்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றின் முடிச்சை இறுக்குவதில் முனைந்துவிட்டார்.

வெடிவைத்துப் புகை எழுப்ப வேண்டுமென்று பிள்ளைகள் கெஞ்சியதற்கு நாம் இணங்கவில்லை. தெர்மோகோலும் காகிதமும் பிள்ளைகளும் ஒரே வண்டியில் இருக்கையில் நெருப்புக்கு அங்கே இடமில்லை. கரும்பலகைத் துடைப்பானில் சேர்ந்த சுண்ணத்தூளைப் பிளாஸ்டிக் குப்பியில் அடைத்து, குழாயின் பின்னால் பொருத்தி அமுக்கினார்கள். வாய்வழியே வெண்புகை நன்றாகவே வந்தது. ஊர்வலத்தில் முதல் முறை அமுக்கியபோது கச்சான் அதனைத் திருப்பி, வண்டியோடு நடந்துகொண்டிருந்த நம் ஜுப்பாவின் மீதே கொட்டியது. தெருவே சிரித்தது. இம்முறை பிள்ளைகளும் சிரித்தார்கள்.

ஊர்வலம் புறப்படுவதற்குமுன் ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் அவனவன் ஏற்ற வேலையை எழுதிய அட்டையைக் குத்த வேண்டியிருந்தது. பீரங்கிக்காரன், துடுப்பாளி, வாள்வீரன் என்று மாணவர்களே எழுதிக்கொண்டார்கள். பின்னால் சுக்கான் பிடித்து நின்றவன் ஓடாவியின் பேரன். 'கேப்டன்' என்று எழுதி வைத்திருந்த அவனுடைய அட்டையை வாங்கித் திருப்பி, பின்புறத்தில் நம் கையால் 'தண்டல்' என்று எழுதிக் கொடுத்தோம். எழுத்து சற்றே கோணிவிட்டது. அவன் பார்த்துவிட்டு, "எங்க அப்பாவும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்று குத்திக்கொண்டான்.

கடைத்தெரு முனையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, வேதாளையில் என்ன நடந்ததென்று வண்டியை நோக்கிக் கேட்டார். தண்டல், "சண்டை, நானா. நாம தோத்துட்டோம்" என்றான். "தோத்ததுக்கா இவ்வளவு ஜோடனை?" என்றார் அவர். அவன் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

மக்ரிபுக்கு முன் எல்லாவற்றையும் இறக்கினோம். கயிற்றை அவிழ்த்ததும் இரண்டு சிறுவர்கள் ஆளுக்கொரு பீரங்கியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தார்கள். ஒன்று இப்போது அறிவியல் ஆய்வுக்கூடத்தின் அலமாரிமேல் கிடக்கிறது. அதன் வாயில் சிட்டுக்குருவி கூடு வைக்கப் பார்க்கிறது. மற்றொன்று ஓடாவியார் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அவ்வழியே போகும்போதெல்லாம் "வண்ணம் உரியுது, ஆலிம்சா, இன்னொரு பூச்சு கொடுக்கணும்" என்கிறார். நீர் வண்ணம்தானே என்று ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதி செய்துகொள்கிறோம்.